அறுக்கும் கையும் எழுதும் கையும்

கல்லூரி வகுப்புகளில் பெரும்பாலானவற்றில் காது கேட்டுக்கொண்டிருக்கும்போதே கை எழுதிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே மனம் விழித்திருந்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை. சரீர சாஸ்திரம் பயிலும் மாணவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. பிரேதத்தை அறுத்துக் கற்கும் கூடத்தில் அவனுடைய ஒரு கை ஃபோர்செப்ஸால் தோலைப் பற்றி இழுத்திருக்க, மறு கை ஸ்கால்பெல்லால் அதன் கீழுள்ள கொழுப்பைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொண்டிருக்க, இரண்டு கையுறைகளிலும் ஃபார்மலினும் பிசுக்கும் படிந்திருக்க, அருகில் கிடக்கும் நோட்டுப் புத்தகத்தைத் தொடவும் அவன் கூசுகிறான். காண்பது இப்போது, எழுதுவது பிறகு. காட்சிக்கும் எழுத்துக்கும் இடையே இப்படி விழுகின்ற அவகாசத்தை மாணவரும் ஆசிரியரும் ஒரு தொல்லையாகவே கருதுகிறார்கள். அந்தக் கல்வியின் சாரம் முழுவதும் அந்த அவகாசத்தில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கோயம்புத்தூரில் இந்தக் கல்வி அவ்வளவு பழமையானதன்று. சென்னையில் 1835-இல் மருத்துவப் பள்ளி தோன்றி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பிறகு, 1966-இல்தான் கோவை மருத்துவக் கல்லூரி பிறந்தது. அதுவரை கொங்கு நாட்டிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் புறப்பட்ட பிள்ளைகள் சென்னைக்கோ மதுரைக்கோ ரயிலேற வேண்டியிருந்தது. பின்னர் 1985-இல் பி.எஸ்.ஜி. நிறுவனத்தின் மருத்துவக் கல்லூரியும், 1986-இல் சேலத்துக் கல்லூரியும், அதன்பின் பெருந்துறையிலும் கரூரிலும், 2022-இல் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் என ஒவ்வொன்றாகத் தோன்றி, நூலும் இரும்பும் மஞ்சளும் விளைவித்த இப்பிரதேசத்தில் மருத்துவர்களையும் விளைவிக்கத் தொடங்கின. இவை யாவற்றிலும் முதலாண்டு மாணவன் சந்திக்கும் காட்சி ஒன்றே: வரிசையாகக் கிடக்கும் மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஓர் உடல், அதைச் சுற்றி வெள்ளைக் கோட்டணிந்த ஒரு சிறு கூட்டம். அக்கூட்டத்தில் ஒருவன் கன்னிங்ஹாம் எழுதிய மூன்று பாகக் கைநூலை உரக்க வாசிக்க, ஒருவன் அதன்படி அறுக்க, மற்றவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். எழுதுபவன் யாரும் அங்கில்லை.

எழுத்து வேறோர் இடத்தில், வேறொரு வேளையில் நடைபெறுகிறது. மாணவர் விடுதியில், இரவு நேரத்தில், சென்ற ஆண்டுச் சீனியர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள் என்ற சம்பிரதாயம் வழுவாமல், திசுப் படங்களுக்கு ஊதாவும் இளஞ்சிவப்புமாகிய பென்சில்களைக் கூராகச் சீவி, கோடு பிசகாமல் பெயர் எழுதி, ஆசிரியரின் கையொப்பத்துக்கென்று ஓரத்தில் இடம் விட்டு அவன் தயாரிக்கும் அந்த நோட்டு, பார்வைக்கு ஒரு கலைப்பொருள். அதில் வரைந்த மேற்கையின் சில பகுதிகளை மாணவன் இன்னும் அறுத்துப் பார்த்திருக்கவே மாட்டான். மறுநாள் மேசையருகே நிற்கும்போது அவனுக்கு முதல் ஏமாற்றம் காத்திருக்கிறது: ஃபார்மலினில் பதப்பட்ட உடலில் தமனியும் சிரையும் நரம்பும் ஏறக்குறைய ஒரே மங்கிய பழுப்பு. நிறத்தைக் கொண்டு அடையாளம் காண்பது அசாத்தியம். விரலால் உருட்டிப் பார்த்து, உள்ளே குழலாக இருக்கிறதா கயிறாக இருக்கிறதா என்று உணர்ந்து, எங்கிருந்து வந்து எதன் அடியில் நுழைகிறது என்று தொடர்ந்துபோய்தான் ஒன்றுக்குப் பெயரிட முடியும். ரெக்கார்டு நோட்டு அவனுக்குச் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

கோவையின் வார்ப்படப் பட்டறைகளில் மரத்தால் செய்த பேட்டர்னை முதலில் மண்ணில் பதித்தெடுத்து, அது விட்டுச்சென்ற பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு மறுபேச்சின்றி அந்த வடிவத்தை ஏற்றுக்கொள்ளும். முன்கூட்டி வரைந்த படமும் மாணவனுடைய கண்ணில் அவ்விதமே ஒரு பள்ளத்தைத் தோண்டிவிடுகிறது. அதன்பின் அவன் காண்பதெல்லாம் அந்தப் பள்ளத்திலேயே விழுகிறது. படத்தில் இருப்பதைத் தேடுகிறான், கிடைத்தால் திருப்தியடைகிறான், கிடைக்காவிட்டால், அறுத்தவன் தவறி வெட்டிவிட்டான் என்று தீர்மானித்து மேலே செல்கிறான்.

இது நம் மாணவர்களுக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. இச்சாஸ்திரம் பிறந்தபோதே உடன்பிறந்த வியாதி. 1540-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் பொலோனா நகரத்தில், வெசாலியஸ் என்னும் இளம் பேராசிரியர் பிரேதங்களை அறுத்துக் காட்டினார். கூர்ட்டியஸ் என்னும் முதியவர் பழைய நூலை வைத்து விரிவுரை நிகழ்த்த, அதில் சொன்னவற்றை வெசாலியஸ் உடலில் காட்ட வேண்டுமென்பது ஏற்பாடு. அந்தக் கூட்டத்தில் சைலீசியாவிலிருந்து வந்திருந்த பல்தசார் ஹெசெலர் என்னும் மாணவர் நிகழ்ந்ததையெல்லாம் லத்தீனில் குறித்துக்கொண்டே போனார். நூலில் உள்ளதை முதியவர் சொல்வதும், உடலில் அது அவ்வாறில்லை என்று இளைஞர் மறுப்பதும், கேட்டிருந்த மாணவர்கள் பரபரப்படைவதும் அக்குறிப்புகளில் இடம்பெற்றன. அந்தக் கையெழுத்துப் படி 1959-இல் ஸ்வீடனில் அச்சேறியது. உலகப் புகழ்பெற்ற வெசாலியஸின் பெருநூல் 1543-இல் வெளிவந்தது. ஆனால் அந்த நூல் வெளிவருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு அவர் மேசையருகே நின்று எப்படிப் பேசினார், எதைச் சந்தேகித்தார் என்பதை நமக்குச் சொல்வது ஒரு மாணவரின் நோட்டே. நூலும் உடலும் முரண்பட்ட இடங்களை ஹெசெலர் பூசி மெழுகாமல் முரண்பாடாகவே எழுதி வைத்தார். அவருடைய குறிப்பு நானூறு ஆண்டு கழிந்தும் அச்சுக்கு யோக்கியமாக இருந்ததற்கு அதுவே காரணம்.

நம் நாட்டிலும் இந்தப் பிரச்சினையை முன்னோர் அறியாதவர்களல்லர். பிரேதத்தைப் புல்லால் சுற்றிக் கூண்டிலிட்டு, ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவைத்து, பின்பு மெல்லிய தூரிகை போன்றவற்றால் தோலை அடுக்கடுக்காகத் தேய்த்தெடுத்து உள்ளுறுப்புகளைக் காணும் முறையைச் சுசுருதர் விவரித்திருக்கிறார். அவ்விடத்திலேயே, கண்ணால் பிரத்தியட்சமாகக் கண்டதும் சாஸ்திரத்தால் அறிந்ததும் ஒன்றோடொன்று சேரும்போதுதான் ஞானம் விருத்தியாகும் என்ற கருத்தையும் வைக்கிறார். இரண்டும் சேரவேண்டும் என்பது எளிய உபதேசம். எந்த இடத்தில் சேரும் என்பதே கேள்வி. மாணவனுடைய குறிப்பேடு அந்த இடமாக இருக்க முடியும். அதற்கு, கண்ணுக்கும் அதில் பங்கு கொடுக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் செந்தாய் நகரில் நிகழ்ந்த ஒரு விருத்தாந்தத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நவீனச் சீன இலக்கியத்தின் பிதாமகர் என்று போற்றப்படும் லூ சுன், 1904-இல் அவ்வூர் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். புஜினோ என்னும் ஆசிரியர் அங்கே சரீர சாஸ்திரம் கற்பித்தார். அயல்நாட்டு மாணவர் பாடத்தைச் சரியாகக் குறித்துக்கொள்கிறாரா என்று கவலைப்பட்டு, அவருடைய நோட்டுகளை வாங்கிச் சென்று, முதலிலிருந்து கடைசிவரை சிவப்பு மையால் திருத்தி, விடுபட்டவற்றைச் சேர்த்து, இலக்கணப் பிழைகளைக்கூட நேராக்கித் திருப்பித் தந்தார். எலும்பு, இரத்தக் குழாய், நரம்பு என்று தம் பாடங்கள் முடியும்வரை அவ்வாறே செய்துவந்தார். ஒருமுறை முன்கையின் இரத்தக் குழாய்களை வரைந்த படத்தைச் சுட்டிக்காட்டி, ஒரு குழாயைச் சற்றே இடம் மாற்றியிருப்பது படத்துக்கு அழகு சேர்க்கலாம், ஆனால் உடலிலுள்ளதை மாற்ற நமக்கு அதிகாரமில்லை என்ற பொருள்படச் சொன்னார். மாணவர் வாயளவில் ஒப்புக்கொண்டார். உள்ளத்திலோ, படம் நன்றாகத்தான் இருக்கிறது, உண்மையில் எப்படியென்பது என் நினைவில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பின் 1926-இல் தாமே எழுதிய கட்டுரையில் இதையெல்லாம் அவர் சொல்கிறார். உலகெங்கும் ரெக்கார்டு நோட்டு எழுதும் மாணவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானமும் அதுதான்: காகிதத்தில் அழகு இருக்கட்டும், உண்மை மனத்தில் இருக்கிறது. பரீட்சைக்குப் பிறகு மனத்தில் எஞ்சுவது காகிதத்தில் இருந்ததே என்பதை அந்த வயதில் யாரும் நம்புவதில்லை.

லூ சுன் மருத்துவத்தைத் துறந்து எழுத்துக்கு வந்தார். அந்த நோட்டுகளைச் சிறப்பாகக் கட்டடம் செய்து போற்றி வைத்திருந்தும், இடம் மாறியபோது தொலைந்துவிட்டன என்று வருந்தினார். அவை பின்னர் கிடைத்து, இப்போது பெய்ஜிங்கில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கிலாந்துக் கவி கீட்ஸும் ஒரு வைத்திய மாணவரே. 1815-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் சேர்ந்து ஆஸ்ட்லி கூப்பரின் விரிவுரைகளைக் கேட்டு அவர் எழுதிய நோட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் ஓரங்களில் பூக்களை வரைந்திருக்கிறார். அவர் மனம் வகுப்பில் இல்லை என்று இதைக் கொண்டு முடிவுகட்டுவோர் உண்டு. ஆயினும் அவர் 1816-இல் உரிய தேர்வில் தேறினார். ஓரத்தில் பூ வரைவதால் கெட்டுப்போகும் மாணவர்கள் குறைவு. நடுப்பக்கத்தில் பார்க்காததை வரைவதால் கெடுபவர்களே அதிகம்.

மனோதத்துவ அறிஞர்கள் இவ்விஷயத்தைத் தம் வழியில் ஆராய்ந்திருக்கிறார்கள். குறிப்பெடுப்பதற்கு இருவகைப் பிரயோசனம் உண்டென்று 1972-இல் டி வெஸ்டா, கிரே என்னும் இருவர் பிரித்துக் காட்டினர்: எழுதும் செயலே விஷயத்தை மனத்தில் பதியவைப்பது ஒன்று, எழுதி வைத்ததைப் பின்னால் எடுத்துப் படிக்கலாம் என்பது மற்றொன்று. நம் ரெக்கார்டு நோட்டு இரண்டாவது பயனையும் முழுதாகத் தருவதில்லை; கையொப்பம் வாங்கியபின் அதைத் திறப்பவர் அரிது. மடிக்கணினியில் தட்டச்சு செய்வோரைவிடக் கையால் எழுதுவோர் கருத்தை நன்கு கிரகிக்கின்றனர் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று; அதே சோதனையைத் திரும்பச் செய்த பிறருக்கு அவ்வளவு உறுதியான பலன் கிட்டவில்லை. ஆகவே பேனாவுக்குத் தனி மகிமை கற்பிக்க வேண்டியதில்லை. சொல்லுக்குச் சொல் படியெடுப்பதா, தன் மனத்தில் அரைத்துத் தன் வாசகமாக எழுதுவதா என்பதே கவனிக்கத் தக்கது. ஒரு சொல்லை எழுதுவதைக் காட்டிலும் அச்சொல் குறிக்கும் பொருளை வரைந்தால் நினைவு வலுப்படுகிறது என்று கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 2016-இல் கண்டனர். அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்தில் லிண்டா ஹென்கெல் நடத்திய சோதனையில், பொருள்களைப் புகைப்படமெடுத்தவர்கள் வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர்; ஒரு சிறு பகுதியை நெருங்கிக் கவனித்துப் படமெடுத்தவர்களுக்கு மட்டும் அக்குறை ஏற்படவில்லை. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் காட்டியதோ இவற்றிலெல்லாம் முக்கியமானது: திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து மீட்டெடுக்கும் முயற்சியே நாள்பட்ட ஞாபகத்துக்குத் துணை.

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, பிரேதத்தின் அருகே எழுத முடியாத அந்த நிர்ப்பந்தம் ஒரு வரமாகத் தோன்றுகிறது. கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, வேறிடத்தில் உட்கார்ந்து எழுதவேண்டியிருப்பதால், மாணவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நினைவிலிருந்தே எழுதியாக வேண்டும். அப்போதுதான் தான் பார்த்தது எது, பார்த்ததாக எண்ணிக்கொண்டது எது என்று அவனுக்குத் தெளிவாகும். அக்குளைத் திறந்த அன்று, தமனியின் முன்னால் மூன்று நரம்புகள் ஆங்கில எம் எழுத்தைப்போல் சேர்ந்து பிரிவதை அவன் கண்டிருப்பான். மாலையில் அதை வரையத் தொடங்கியதும், எந்தக் கால் உட்பக்கத்தில் இறங்கியது, எது தசைக்குள் நுழைந்தது என்பது மயங்கும். அந்த மயக்கத்தை வெற்றிடமாக விட்டு, மறுநாள் காலை மேசைக்குச் சென்று விரலால் தொட்டுச் சரிபார்த்து நிரப்பினால், அந்த வரி அவன் உள்ளவரை அழியாது. மாறாக, மயக்கம் தோன்றியவுடன் சீனியரின் நோட்டைத் திறந்து நிரப்பிவிட்டால், கிடைத்த அவகாசம் முழுவதும் வீணாகிறது.

மேலும், ஒரு மேசையில் கிடக்கும் உடல் மற்றொரு மேசையின் உடலைப் போன்றதன்று. முன்கையில் உள்ளங்கையை நோக்கிச் செல்லும் ஒரு மெல்லிய தசை சிலருக்கு இருப்பதேயில்லை. முழங்கை அருகே பிரியவேண்டிய தமனி சிலருக்கு மேற்கையிலேயே பிரிந்துவிடுகிறது. சிறுநீரகத்துக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு தமனிகள் செல்வதுண்டு. நாளை அறுவை மருத்துவராகி உயிருள்ள உடலைத் திறக்கும்போது அவனைக் காப்பதும் கவிழ்ப்பதும் இத்தகைய பேதங்களே. ரெக்கார்டு நோட்டில் இவற்றுக்கு இடமில்லை. எல்லா மாணவரின் நோட்டிலும் ஒரே கை, ஒரே தமனி. இந்த உடல்கள் மேசைக்கு வரும் வழியும் ஒன்றன்று. 1951-ஆம் ஆண்டின் சென்னை அனாடமிச் சட்டம், உரிமை கோருவாரற்ற உடல்களைக் கல்லூரிகளுக்கு வழங்க வழி செய்தது. இன்று தாமாகவே உடலை எழுதிவைப்போரும் பெருகியிருக்கின்றனர். எவ்வாறு வந்தவராயினும், அந்த மனிதரின் பெயர் மாணவனுக்குத் தெரிவதில்லை. அவரிடம் மட்டும் காணப்பட்ட அந்தப் பேதத்தைக் குறித்து வைப்பதே, அவரிடமிருந்து கற்றதற்கு மாணவன் அளிக்கக்கூடிய உண்மையான சாட்சியம்.

குறிப்பு எந்த மொழியில் இருக்கவேண்டும் என்ற கேள்வியும் இதனோடு பின்னிக்கிடக்கிறது. அரசுப் பள்ளிகளில் பயின்றவர்களுக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தபின், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிலேயே படித்த பிள்ளைகள் அதிகமாக மேசையருகே வந்து நிற்கிறார்கள். கோபிசெட்டிபாளையத்துப் பக்கமிருந்து வந்த மாணவி ஒருத்தி, “சார், இந்த நரம்பு தசைக்குள்ள பூந்து அந்தப் பக்கமா வெளிய வருதுங்க” என்று ஆசிரியரிடம் சொல்வாளாயின், அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கு அந்த வாக்கியமே போதிய அத்தாட்சி. இரவில் அதே பெண், புரியாத ஆங்கில வாக்கியத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்து நோட்டில் நகல் செய்யும்போது, காலையில் கண்டதைத் தானே அழித்துவிடுகிறாள். உறுப்புகளின் பெயர்கள் லத்தீனிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். அவற்றை இணைக்கும் வினைச்சொற்கள் அவள் சிந்திக்கும் மொழியில் இருப்பதால் சாஸ்திரத்துக்கு எந்தக் குறைவும் நேர்ந்துவிடாது.

இதற்கு முன்மாதிரி நம்மிடம் இல்லாமலில்லை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன், முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலுமாக வைத்தியம் கற்பித்தார். அவரும் அவருடைய மாணாக்கரும் சேர்ந்து மேனாட்டு வைத்திய நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினர். 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் சரீர சாஸ்திர நூல் வெளிவந்தது. கொங்கு நாட்டுக்கும் இதில் தனிப் பெருமை உண்டு. கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் 1960-இல் தமிழ்வழிப் பட்டப் படிப்பு பரீட்சார்த்தமாகத் தொடங்கியது, ஜி. ஆர். தாமோதரனின் முயற்சியால் இந்நகரிலிருந்து ‘கலைக்கதிர்’ இதழ் விஞ்ஞானத்தைத் தமிழில் எடுத்துச் சொன்னது. இம்மண்ணில் பிறந்த பெரியசாமித் தூரனே பத்துத் தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர். இத்தனைக்கும் வாரிசான ஒரு நகரத்தில் மாணவி தன் சொந்த நோட்டில் தமிழில் ஒரு வரி எழுதக் கூசுவது பொருந்தாது.

மருத்துவக் கல்விக்கு 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம், பார்க்காமல் நகலெடுக்கும் இந்தக் குறையை ஓரளவு உணர்ந்திருக்கிறது. பிரேதமே முதல் ஆசான் என்று ஒரு பாடத்தையே அது வகுத்திருக்கிறது. ‘லாக் புக்’ வைத்து அதில் மாணவன் தான் கற்றதைப் பற்றிய சிந்தனையை எழுதவேண்டும் என்கிறது. நோக்கம் உத்தமமானது. ஆனால் 1997-ஆம் ஆண்டு விதிகளால் ஒன்றரை ஆண்டிலிருந்து ஓராண்டாகச் சுருங்கிய முதலாண்டுக் காலத்தில், தேர்வுகளின் நெருக்கடியில் மூச்சுத் திணறும் மாணவன் அந்தச் சிந்தனையையும் சீனியரிடமிருந்தே நகல் எடுக்கத் தொடங்கினால், பழைய ரெக்கார்டுக்குப் புதிய பெயர் சூட்டியதற்கு மேல் ஒன்றும் நடந்திராது. விதியால் சிந்தனையை வரவழைக்க இயலாது. அதற்கு இடம் ஒதுக்கத்தான் இயலும். அறுவை முடிந்ததும் கூடத்தின் பக்கத்து அறையிலேயே கால் மணி நேரம் புத்தகமின்றி உட்கார்ந்து எழுதச் செய்வதும், மறுநாள் கத்தியெடுக்குமுன் அதை உடலோடு ஒப்பிட்டுத் திருத்தச் செய்வதும் எந்தக் கல்லூரிக்கும் செலவு வைக்காத ஏற்பாடுகள்.

எல்லாவற்றுக்கும் மேலாக மாறவேண்டியவர்கள் அந்த நோட்டில் கையொப்பமிடுவோர். சுத்தமான நோட்டுக்கு மதிப்பெண் என்ற வழக்கம் உள்ளவரை மாணவன் நகலெடுக்கவே செய்வான். அவனைக் குறைசொல்வதில் நியாயமில்லை. நேற்று எழுதியதை இன்று உடலைப் பார்த்து அடித்திருக்கிறானா, புத்தகத்தோடு ஒவ்வாததை ஓரிடத்திலாவது துணிந்து குறித்திருக்கிறானா, தெரியாத இடத்தை வெற்றிடமாக விட்டுப் பின்பு நிரப்பியிருக்கிறானா என்று புரட்டிப் பார்த்து மதிப்பிடும் ஆசிரியர் ஒருவர் ஒரு கல்லூரியில் இருந்தாலும், அடுத்த ஆண்டே சீனியரின் நோட்டுக்கு அங்கே மவுசு குறைந்துவிடும். சரீர சாஸ்திரத்தில் ஆண்டு முழுதும் எழுதியும் ஓர் அடித்தல்கூட இல்லாத நோட்டு, அதை எழுதியவன் மேசையருகே என்ன செய்துகொண்டிருந்தான் என்ற சந்தேகத்துக்கே உரியது.